முதல் கஸ்டம் லூப்: 7800எக்ஸ்3டி + 4080, கோவை வெயில், ஏசி இல்லாத ரூம். பிளானைப் பாத்துச் சொல்லுங்க

சிறுவாணி (கோவை)

வணக்கம் மக்களே. இதுவரைக்கும் ஓரமா நின்னு படிச்சிட்டு மட்டும் இருந்தவன், இப்பதான் முதல் இழை போடுறேன். கஸ்டம் லூப்னா, பாகம் பாகமா வாங்கி நாமளே மாட்டுற தண்ணி கூலிங்.

பிசி: ரைசன் 7 7800எக்ஸ்3டி சிபியு, ஆர்டிஎக்ஸ் 4080 கிராஃபிக்ஸ் கார்டு, லியான் லி ஓ11 டைனமிக் ஈவோ கேபினெட். சிபியு மேல ஒரு 360 மி.மீ. ஏஐஓ (சீல் வச்சு ரெடியா வர்ற தண்ணி கூலர்) இருக்கு. கார்டு அதோட சொந்த ஃபேன்லதான் ஓடுது. ரூம்ல ஏசி கிடையாது. ஏப்ரல்ல உள்ள 33, 34 டிகிரி சாதாரணம். ராத்திரி பிளெண்டர்ல ரெண்டர் போட்டா கார்டு ஃபேன் போடுற சத்தத்துல அடுத்த ரூம்ல அம்மா கதவைச் சாத்திக்கிறாங்க.

என் பிளான்: சிபியு பிளாக், ஜிபியு பிளாக் (சிப் சூட்டை வாங்கித் தண்ணிக்குக் கொடுக்கிற உலோகக் கட்டி), மேல ஒரே ஒரு 360 ரேடியேட்டர் (45 மி.மீ. தடிமன்), ஹார்ட் ட்யூப், நீலக்கலர் பேஸ்டல் கூலன்ட். பழைய ஏஐஓவோட ரேடியேட்டரை வெட்டி ரெண்டாவதா சேத்துக்கலாமான்னும் ஒரு யோசனை. பம்ப் டி5ஆ டிடிசியான்னு முடிவு பண்ணல. தண்ணி முதல்ல சிபியுக்குப் போகணுமா, கார்டுக்குப் போகணுமா? நடுவுல ரேடியேட்டர் வரணும்னு ஒருத்தர் சொல்றார், வேண்டாம்னு இன்னொருத்தர் சொல்றார்.

திருகாணி (சென்னை)

தம்பி, நீலக்கலரை அப்புறம் பாத்துக்கலாம். 4080 எந்த மாடல்? கம்பெனி பேர் மட்டும் பத்தாது, டப்பாவுல இருக்கிற முழுப் பேர் வேணும். சிபியு பிளாக் ஏஎம்5 சாக்கெட்டுக்குன்னு வாங்கினா எந்த போர்டுலயும் உக்காந்துரும். கார்டு அப்படி இல்ல. ஃபுல் கவர் பிளாக்ல மெமரி, விஆர்எம் (மின்சாரத்தைச் சீராக்குற பாகம்) ஒவ்வொண்ணுக்கும் மேடு பள்ளம் கணக்கா கடைஞ்சிருப்பாங்க. கார்டோட சர்க்யூட் போர்டுல ஒரு கெப்பாசிட்டர் இடம் மாறியிருந்தாலும் பிளாக் அதுமேல முட்டி நிக்கும். பிளாக் கம்பெனியோட பொருத்தப் பட்டியல்ல உன் மாடல் இருந்தா மேல பேசுவோம். இல்லைன்னா லூப் பேச்சை இங்கயே மூடிரலாம். கார்டைச் சேக்காத லூப்புக்கு இவ்வளவு காசு தண்டம்.

இன்னொண்ணு, வாரன்டி. கார்டு ஸ்க்ரூ மேல ஸ்டிக்கர் இருக்கும். பிரிக்கிறதுக்கு முன்னாடி சர்வீஸ் சென்டருக்கு ஒரு மெயில் போட்டு, கூலரைக் கழட்டினா வாரன்டி நிக்குமான்னு எழுத்துல வாங்கு. போன்ல சொன்னதை நம்பாதே.

சிறுவாணி (கோவை)

பாத்துட்டேன் அண்ணா. ரெஃபரன்ஸ் கார்டு இல்ல, ஆனா ஆல்ஃபாகூல், பைக்ஸ்கி ரெண்டு பட்டியல்லயும் என் மாடல் இருக்கு. மெயிலும் போட்டாச்சு. ஆனா கார்டைச் சேக்காத லூப் தண்டம்னு ஏன் சொல்றீங்க? சிபியுதானே 80ஐத் தொடுது, கார்டு 70லதான் நிக்குது.

மின்மினி (சென்னை)

இதுக்கு நான் பதில் சொல்றேன். கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கோங்க.

7800எக்ஸ்3டி தொடுற 80ஐ வச்சு பயப்படாதீங்க. அந்த சிப்போட உச்ச வரம்பே 89 டிகிரி. கேம்ல அது இழுக்கிறது பெரும்பாலும் 50லேர்ந்து 80 வாட்தான். அப்படி இருந்தும் ஏன் சுடுது? அந்தத் தலைமுறையில கூடுதல் கேஷ் மெமரி கோர் இருக்கிற சிப்புக்கு மேல அடுக்கா உக்காந்திருக்கு, அதுக்கு மேல தடிமனான உலோக மூடி. சூடு சிப்லேர்ந்து மூடிக்கு வர்றதுக்கே திணறுது. மூடியிலேர்ந்து தண்ணிக்குப் போறதுல பிரச்சினையே இல்ல. அதனால நீங்க எவ்வளவு விலையான பிளாக் மாட்டினாலும் இப்ப இருக்கிற ஏஐஓவை விட சில டிகிரிதான் குறையும்.

கார்டு கதை வேற. 4080 இழுக்கிறது 320 வாட். மூடி கிடையாது, டை (சிலிக்கான் சிப்) நேரா பிளாக்கைத் தொடும். நல்லா உக்காந்த பிளாக்னா தண்ணியை விட 12, 15 டிகிரிதான் கோர் மேல நிக்கும். அந்தச் சின்ன ஃபேன்கள் அலறி செய்யுற வேலையை பெரிய ஃபேன்கள் 800, 900 சுற்றுல சத்தமில்லாம செய்யும். உங்க லூப்போட மொத்தப் பலனும் இந்த இடத்துலதான்.

இப்ப ரேடியேட்டர். மெல்லிசான ஒரு 360, ஃபேன் 1000 சுற்று பக்கத்துல ஓடுச்சுன்னா, தண்ணி ரூமை விட 10 டிகிரி மேல இருக்கும்போது தோராயமா 150லேர்ந்து 200 வாட் வெளிய தள்ளும். உங்க மொத்தச் சூடு சிபியு 80, கார்டு 320, ஆக 400. ஒரே 360ல போட்டா வித்தியாசம் 20, 25 டிகிரிக்குப் போயிரும். டொரண்டோ மாதிரி குளிர் ஊர்ல 20 டிகிரி ரூம்னா தண்ணி 40, 45. உங்க ரூம் 34. தண்ணி 55, 60க்குப் போகும். டி5 பம்புக்கே 60 டிகிரிதான் வரம்பு. ரெண்டு 360 போட்டா வித்தியாசம் 11, 12க்கு வரும், தண்ணி 46ல நிக்கும், கார்டு 60 பக்கம். இதுதான் உங்க ஊருக்கு ஏத்த கணக்கு. 45 மி.மீ. தடிமன் எல்லாம் ஃபேனை வேகமா ஓட்டினாதான் பலன் தரும். மெதுவா ஓட்டுற ஆளுக்கு 30 மி.மீ.ல ரெண்டு மேல்.

தண்ணி எந்த வரிசைன்னு கேட்டீங்க. நிமிஷத்துக்கு 1 லிட்டர் தண்ணி, 1 டிகிரி சூடேறினா, சுமார் 70 வாட் தூக்கிட்டுப் போகுது. உங்க லூப்ல நிமிஷத்துக்கு மூணரை லிட்டர் ஓடும்னு வைங்க. 400 வாட்டையும் மொத்தமா வாங்கினாலும் தண்ணி ஒன்றரை டிகிரி சொச்சம்தான் ஏறும். லூப்ல எந்த இடத்துல தொட்டாலும் அதுக்கு மேல வித்தியாசம் வராது. அதனால ட்யூப் எப்படிப் போனா அழகா, குட்டையா வருமோ அப்படியே போடுங்க. மாத்தக்கூடாத விதி ஒண்ணே ஒண்ணு: ரிசர்வாயர் (தண்ணித் தொட்டி) பம்புக்கு முன்னாடி, பம்பை விட உயரத்துல இருக்கணும். பம்ப் காய்ஞ்சு ஓடக்கூடாது.

சிறுவாணி (கோவை)

மேடம், இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டேன். அப்ப லூப் போட்டா ரூம் குளிராகும்னு நினைச்சது…

மின்மினி (சென்னை)

ஆகவே ஆகாது. 400 வாட் சூடு எப்படி வெளிய வந்தாலும் அதே 400 வாட்தான். தண்ணி வழியா வந்தா சத்தம் மட்டும் குறையும். பின்னாடி ஏசி வாங்கினா கணக்குல வச்சுக்கோங்க: 1 டன் ஏசிக்கு சுமார் 3500 வாட் சூட்டை இழுக்கிற திறன். அதுல ஒன்பதுல ஒரு பங்கை உங்க பிசியே சாப்பிடும்.

கண்ணாடிக்குழாய் (சிங்கப்பூர்)

எல்லாரும் சேர்ந்து பையனோட ஆசையை அமுக்கிடாதீங்கப்பா. ஹார்ட் ட்யூப் முதல் லூப்புலயே போட்டவங்க நிறைய பேர் இருக்காங்க. ஹீட் கன், உள்ள விடுற சிலிக்கான் கயிறு, நல்ல ரம்பம், நாலஞ்சு ட்யூப் வீணாகும்னு மனசைத் தயார் பண்ணிக்கிட்டா போதும்.

ஆனா சிறுவாணி, உங்க ரூமுக்கு பிஇடிஜி ட்யூப் வேண்டாம். வளைக்க சுலபம், உண்மை. ஆனா சூட்டுல அக்ரிலிக்கை விட சீக்கிரம் இளகும். 50ஐத் தாண்டின தண்ணியில, அதுவும் கோடையில பம்ப் நின்னு போய் கவனிக்காம விட்டா, ஃபிட்டிங் வாயில ட்யூப் நெளிஞ்சு பிடி விட்டுரும். ஹார்ட் ட்யூப்னா அக்ரிலிக் மட்டும். அது முறியும், விரிசல் விடும், அறுக்கும்போது பொறுமை வேணும். இளகுற தொல்லை ரொம்பக் கம்மி.

பேஸ்டல் கூலன்ட் பத்தி திருகாணி வந்து திட்டுவார். நான் முந்திக்கல.

பனிமனிதன் (டொரண்டோ)

தம்பி, ஹார்ட் ரியூப் வடிவுதான், ஆனால் முதல் லூப்புக்கு அது வேண்டாம் எண்டுதான் நான் சொல்லுவன். முதல் வருசத்துக்குள்ள நீங்கள் கட்டாயம் ஏதாவது மாத்துவீங்கள். ஒரு றாம் குச்சி கழட்டவேணும், ஒரு எஸ்எஸ்டி போடவேணும். சொஃப்ட் ரியூப் எண்டால் கார்டை அப்பிடியே சரிச்சு வச்சுப்போட்டு வேலை பாக்கலாம். ஹார்ட் ரியூப் எண்டால் முழுத் தண்ணியையும் இறக்கவேணும்.

சொஃப்டிலும் கண்ணாடி மாதிரித் தெளிவா இருக்கிற பிவிசி வேண்டாம். அதுக்குள்ள இருக்கிற பிளாஸ்டிசைசர் சூட்டில கரைஞ்சு வந்து பிளாக்கில படியும். கறுப்பு இபிடிஎம் ரப்பர் ரியூப் வாங்குங்கோ, 10/16 அளவு. ஆள் பாக்க தோட்டத்துக் குழாய் மாதிரித்தான், அதை ஒத்துக்கொள்ளுறன்.

என்ர செட்டப்பில கேஸுக்குள்ள ரேடியேற்றரே இல்லை. வோட்டர்கூல் கொம்பனியின்ர மோ-ரா எண்டு ஒரு பெரிய ரேடியேற்றர் இருக்கு, ஒன்பது 140 மி.மீ. ஃபான் பூட்டுற அளவு. அதை மேசைக்குக் கீழ வச்சு, நடுவில குவிக் டிஸ்கனெக்ட் (தண்ணி சிந்தாமல் கழட்டிப் பூட்டுற இணைப்பு) போட்டிருக்கிறன். பேஸ்மென்ற் குளிரில ஃபான் சுத்துறதே தெரியாது. உங்கட ஊருக்கு அது தேவையோ எண்டு கேட்டால், இடமும் காசும் இருந்தால் உங்களுக்குத்தான் என்னை விடத் தேவை.

சும்மாவந்தேன் (மதுரை)

சந்தேகம். ரேடியேட்டரை ஒரு பக்கெட் ஐஸ் தண்ணியில முக்கி வச்சா என்ன? இல்லைன்னா ஏசி காத்து நேரா அடிக்கிற இடத்துல? ரூம் சூட்டுக்குக் கீழ போகலாமே.

மின்மினி (சென்னை)

ஏசி காத்து அடிக்கிற இடத்துல வைக்கிறது சரி. அந்தக் காத்துல ஈரம் ஏற்கனவே இறங்கியிருக்கும். ஐஸ் பக்கெட் விஷப்பரீட்சை. மே மாசச் சென்னையில பனிநிலை (காத்து ஈரம் தண்ணியா மாற ஆரம்பிக்கிற சூடு) 25 டிகிரி பக்கம் இருக்கும். தண்ணி அதுக்குக் கீழ போச்சுன்னா, ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்த சொம்பு வேர்க்கிற மாதிரி பிளாக் வெளிப்பக்கம் வேர்க்கும். அந்தத் தண்ணி சொட்டுற இடம் மதர்போர்டு. லீக்கே இல்லாம பிசியை நனைக்கிற வழி அது.

திருகாணி (சென்னை)

ரெண்டு நாள் கடையில வேலை, இப்பதான் உக்காந்தேன். கண்ணாடிக்குழாய் சொன்ன மாதிரி திட்டத்தான் வந்திருக்கேன்.

//பழைய ஏஐஓவோட ரேடியேட்டரை வெட்டி ரெண்டாவதா சேத்துக்கலாமான்னும் ஒரு யோசனை//

கூடாது. ஏஐஓ ரேடியேட்டர் பெரும்பாலும் அலுமினியம். உன் பிளாக் செம்பு, மேல நிக்கல் பூச்சு. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணியில நனைஞ்சா அது பேட்டரி மாதிரிதான் வேலை செய்யும், அலுமினியம் அரிச்சுக்கிட்டே போகும். ஏஐஓவுக்குள்ள கம்பெனிக்காரன் அதுக்குன்னு மருந்து கலந்து சீல் வச்சிருக்கான். நீ வெட்டின நிமிஷம் அந்தக் கணக்கு முடிஞ்சுது. அதோட அந்த வாயில ஜி1/4 மரையும் இருக்காது, ஃபிட்டிங் எங்க மாட்டுவ?

போன வருஷம் ரிச்சி தெருவுக்கு ஒரு மெஷின் வந்துச்சு. ஆன்லைன்ல குறைஞ்ச விலைக்கு வாங்கின ரேடியேட்டர், நல்ல செம்பு பிளாக். பேஸ்டல் வெள்ளை ஊத்தியிருந்தாங்க. கார்டு 85ஐத் தாண்டுது, தண்ணி சூடே ஏறலன்னு புகார். இந்த ரெண்டு அடையாளமும் சேர்ந்து வந்தா பிளாக் அடைச்சிருக்குன்னு பாக்காமலே சொல்லலாம். பிரிச்சுப் பாத்தா, முடி அளவு இடைவெளி இருக்கிற அந்த செம்புக் கீற்றுகளுக்குள்ள சாம்பல் கலர்ல தயிர் மாதிரி ஒண்ணு. பேஸ்டல்ல மிதக்கிற துகளும், அலுமினியம் அரிச்ச மண்டியும் சேர்ந்து உக்காந்திருந்துச்சு. பழைய டூத் பிரஷ்ஷால பிளாக்கைத் தேய்ச்சு எடுத்துட்டோம். ரேடியேட்டரை எடைக்குத்தான் போட்டாங்க.

வாங்கும்போது கையில தூக்கிப் பாரு. செம்பு, பித்தளை ரேடியேட்டர் அளவுக்கு மீறின கனமா இருக்கும். தக்கை மாதிரி இருந்தா வச்சுட்டு வந்துரு.

கலர் வேணும்னா கலர் ட்யூபோ லைட்டோ போட்டுக்கோ. தண்ணி தெளிவா இருக்கட்டும். ரெடியா கலந்து வர்ற கிளியர் கூலன்ட், உன் லூப்புக்கு ஒரு லிட்டர் பக்கம் பிடிக்கும். கையில கொஞ்சம் மிச்சம் வச்சுக்கோ, முதல் வாரம் காத்து வெளிய போகப் போக மட்டம் இறங்கும். பேட்டரிக் கடையில விக்கிற தண்ணி பெரும்பாலும் டீமினரலைஸ்டு. அலசுறதுக்கு அது அருமை. ஆனா அதை மட்டும் ஊத்தி மாசக்கணக்குல ஓட்டக்கூடாது, பாசி பிடிக்கும், உலோகம் கறுக்கும். ஆர்ஓ தண்ணி சுத்தம்னு சிலபேர் ஊத்துறாங்க, குடிக்கிற தண்ணியில உப்பு இருக்கத்தான் செய்யும். கார் கூலன்ட் கலக்கலாமேன்னு அடுத்து கேப்ப. அதுல பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால், இனிப்பா இருக்கிற விஷம். வீட்ல குழந்தையோ நாயோ இருந்தா அந்தப் பக்கமே போகாதே.

புது ரேடியேட்டர்ல பற்ற வச்ச ஃப்ளக்ஸ் உள்ள ஒட்டியிருக்கும். சூடான டீமினரலைஸ்டு தண்ணியைப் பாதி ஊத்தி, ரெண்டு வாயையும் மூடி, நல்லா குலுக்கிக் கொட்டு. வெள்ளைத் துணியில வடிகட்டிப் பாரு. துணியில கறுப்பு, பச்சைப் பொடி வராத வரைக்கும் திரும்பத் திரும்ப.

சிறுவாணி (கோவை)

சரி, தலைகீழா மாத்திட்டேன். புது பிளான்:

மேலயும் கீழயும் தலா ஒரு 360, 30 மி.மீ., செம்பு. பக்கத்துல டி5 பம்ப்–ரிசர்வாயர் காம்போ. கறுப்பு இபிடிஎம் 10/16. கிளியர் கூலன்ட். சிபியு பிளாக் சாதாரண விலையில, கார்டு பிளாக் நல்லதா. ஃபேன் ஆர்டிக் பி12.

டி5 சரியா? அப்புறம், கீழ ஃபேன் உள்ள இழுக்க, மேல வெளிய தள்ள. ஓகேவா?

கண்ணாடிக்குழாய் (சிங்கப்பூர்)

டி5 சரி. டிடிசிக்கு அழுத்தம் கூட, ஆனா உடம்பு சுடும், சத்தமும் ஒரு மாதிரி கீச்சுன்னு இருக்கும். ரெண்டு ரேடியேட்டர் ரெண்டு பிளாக்குக்கு டி5 பாதி வேகத்துல போதும்.

ஃபேன் திசையில எனக்கு ஒப்புதல் இல்ல. கீழ சூடான காத்துதான் மேல ரேடியேட்டருக்குப் போகுது. ரெண்டையும் உள்ள இழுக்க விடுங்க, பக்கத்து ஃபேன் வெளிய தள்ளட்டும்.

மின்மினி (சென்னை)

கீழ ரேடியேட்டர் காத்தைச் சூடேத்துறது சில டிகிரிதான். பக்கத்துல மூணு ஃபேன் வெளிக்காத்தை உள்ள இழுத்தா அதுவும் பாதியாகும். ரெண்டையும் உள்ள இழுக்க விட்டா அந்தச் சூடு முழுக்க எஸ்எஸ்டி, விஆர்எம் மேல போகும். நான் அவர் பிளானுக்கே ஓட்டு. உள்ள இழுக்கிற எல்லா இடத்துலயும் தூசி வலை இருக்கட்டும், கோவையில தறி ஓடுற ஏரியான்னா பஞ்சுத் தூசியே ரேடியேட்டரை மூடிரும்.

கண்ணாடிக்குழாய் (சிங்கப்பூர்)

விஆர்எம்முக்கு சில டிகிரி ஒரு விஷயமே இல்லங்க. போட்டுப் பாத்துட்டு திருப்பி மாட்டுறது பத்து நிமிஷ வேலைதான், அவரே ரெண்டையும் பாத்து நம்பர் போடட்டும்.

திருகாணி (சென்னை)

ஃபிட்டிங் எண்ணிட்டியா? எல்லாரும் பிளாக் விலையைப் பாத்துட்டு ஃபிட்டிங்ல கவுந்துருவாங்க. சிபியு, கார்டு, ரெண்டு ரேடியேட்டர், பம்ப், ஆக அஞ்சு சாமான், ஒவ்வொண்ணுலயும் உள்ள ஒரு வாய், வெளிய ஒரு வாய். பத்து கம்ப்ரெஷன் ஃபிட்டிங். வடிகாலுக்கு ஒரு டி ஜாயின்ட், ஒரு பால் வால்வ். திரும்புற இடத்துக்கு நாலஞ்சு 90 டிகிரி வளைவு ஃபிட்டிங். எல்லாத்துலயும் ஒண்ணு ரெண்டு கூட வாங்கு, ஒரே ஒரு ஃபிட்டிங் பத்தாம கூரியருக்கு வாரக்கணக்குல காத்திருக்கிறது கொடுமை. ஃபிட்டிங்கைக் கையால மட்டும் முறுக்கு. ஸ்பேனர் போட்டா அக்ரிலிக் ரிசர்வாயர்ல மரை விண்டுரும். சீல் பண்றது உள்ள இருக்கிற ஓ-ரிங், முறுக்கு இல்ல. டெஃப்லான் டேப் சுத்தாதே.

வடிகால் லூப்போட ஆகக் கீழான புள்ளியில. உன் விஷயத்துல கீழ ரேடியேட்டர். வால்வோட வாய் கேபினெட்டை விட்டு எப்படி வெளிய வரும்னு இப்பவே பேப்பர்ல வரைஞ்சுரு. இதை யோசிக்காதவன் முதல் தடவை தண்ணி மாத்தும்போது பிசியைத் தலைகீழாப் பிடிக்கிறான்.

லீக் டெஸ்ட் காத்துல. மீட்டர் வச்ச கை பம்ப் விக்குது. 0.5 பார் ஏத்தி விட்டு அரை மணி நேரம் முள்ளைப் பாரு. இறங்கினா ஃபிட்டிங்கை ஒவ்வொண்ணா தேடு. அதுக்கு மேல ஏத்தாதே, ரிசர்வாயர் வெடிக்கும். அது தேறின பிறகு தண்ணி ஊத்து. பிஎஸ்யுவிலேர்ந்து (பவர் சப்ளை) போர்டு, கார்டு கேபிள் எல்லாம் கழட்டிட்டு பம்புக்கு மட்டும் கரன்ட். 24 பின்ல பச்சை ஒயருக்கும் ஒரு கறுப்புக்கும் ஜம்பர் போட்டா பிஎஸ்யு ஆன் ஆகும். எல்லா ஒயரும் கறுப்பா இருந்தா 16ஆவது பின், குத்துமதிப்பா போடாம படத்தைப் பாத்துப் போடு. ஒவ்வொரு ஃபிட்டிங்குக்குக் கீழயும் டிஷ்யூ பேப்பர். ரிசர்வாயர் காலியாகுற நேரம் பம்பை நிறுத்து, ஊத்து, திரும்ப ஓட்டு.

சிறுவாணி (கோவை)

வரைஞ்சுட்டேன் அண்ணா, வால்வ் பின்பக்கம் வருது. சர்வீஸ் சென்டர் பதிலும் வந்துருச்சு, ஸ்டிக்கர் கிழிஞ்சா வாரன்டி கிடையாதாம். எப்படியும் எட்டு மாசம்தான் பாக்கி. அது முடிஞ்ச பிறகு கார்டைத் தொடலாம்னு இருக்கேன். அதுவரைக்கும் கார்டு மின்சாரத்தை 80 சதவீதமா குறைச்சு ஓட்டிப் பாக்குறேன். சத்தமே பாதியா குறைஞ்சுது, ரெண்டர் நேரம் பெருசா கூடல.

மின்மினி (சென்னை)

நல்ல முடிவு. லூப் போட்ட பிறகும் அந்த 80ஐ எடுக்காதீங்க. 64 வாட் குறைஞ்சா தண்ணியில கிட்டத்தட்ட 2 டிகிரி குறையும், காசில்லாம.

சிறுவாணி (கோவை)

கடைசியா ஒரு கேள்வி. ஃப்ளோ மீட்டர், டெம்பரேச்சர் சென்சார் ரெண்டும் வேணுமா? பம்ப் நின்னு போனா எப்படித் தெரியும்?

பனிமனிதன் (டொரண்டோ)

தண்ணிச் சூடு அளக்கிற சென்சர் கட்டாயம் வேணும். விலையும் பெரிசில்லை. உங்கட மதர்போட்டில ரெண்டு பின் சென்சர் வாய் இருக்கோ எண்டு பாருங்கோ. ஃபான் வேகத்தை சிபியு சூட்டோட கட்டாமல் தண்ணிச் சூட்டோட கட்டுங்கோ. இல்லாட்டி ஒவ்வொருக்கால் பிரௌசர் திறக்கேக்கையும் ஃபான் எழும்பி இருக்கும். ஃப்ளோ மீற்றர் விருப்பம் எண்டால் போடலாம். பம்பின்ர வேகம் காட்டுற ஒயரை சிபியு ஃபான் எண்டு எழுதியிருக்கிற வாயில குத்திவிடுங்கோ. பம்ப் நிண்டால் போட்டே எச்சரிக்கும்.

திருகாணி (சென்னை)

இன்னும் ஒண்ணு, சொல்ல மறந்துட்டேன். ரேடியேட்டர் ஸ்க்ரூ. 25 மி.மீ. ஃபேனுக்கு 30 மி.மீ. ஸ்க்ரூ. ரேடியேட்டரை நேரா தகட்டுல மாட்டுறதுக்கு 5 மி.மீ. ஸ்க்ரூ. ரெண்டும் ஒரே பாக்கெட்ல வரும். நீளத்தை மாத்திப் போட்டு முறுக்கினா நேரா தண்ணி போற குழாய்ல ஓட்டை விழும். சில மாடல்ல ஓட்டைக்குக் கீழ தடுப்புத் தகடு இருக்கும், வாங்கும்போதே டார்ச் அடிச்சுப் பாத்து அந்த மாதிரி எடு. மாட்டும்போது படம் போடு.

சிறுவாணி (கோவை)

ரெண்டு ரேடியேட்டர் மட்டும் இப்ப ஆர்டர் போட்டாச்சு. வந்ததும் டார்ச் அடிச்சு படம் போடுறேன்.